குளத்தில் எத்தனை அடி தண்ணீர்? திறந்தமூல மொடியூல் ஒன்றைத் தொடர்வதா, சுருக்குவதா, மூடுவதா என்று முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

சிறுபோகத்துக்கு, அதாவது வறண்ட கால நெற்செய்கைக்கு, முன்னால் எங்கள் மட்டக்களப்புப் பக்கம் ஆரம்பக் கூட்டம் நடக்கும். நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல உத்தியோகத்தர், வட்டை விதானைமார், விவசாயிகள் என்று மண்டபம் நிறைந்திருக்கும். விதைக்க ஆசையா என்று அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை, ஆசை எல்லாருக்கும் உண்டு. உன்னிச்சைக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்றுதான் கேட்பார்கள். அந்த அடிக்கணக்கைப் பார்த்து இந்தப் போகம் இத்தனை ஏக்கர் என்று வெட்டுவார்கள். கத்துவார்கள், கோபித்துக்கொண்டு எழும்பிப் போவார்கள், ஆனாலும் தண்ணீர் எட்டாத வயல் கண்டத்துக்கு விதைநெல் போகாது.

சின்ன வயதில் அப்பாவோடு அந்தக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். ஒரு திறந்தமூல மொடியூலை, அதாவது யாரும் எடுத்துப் பாவிக்கவும் திருத்தவும் கூடிய ஒரு மென்பொருள் பகுதியை, வைத்துக்கொண்டு நாங்கள் திண்டாடியபோதுதான் அது திரும்ப ஞாபகத்துக்கு வந்தது.

2018இல் மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்று ஏழு பேர் சேர்ந்து மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்துக்கு ஒரு பிளகின், அதாவது அதோடு பொருத்தும் மொடியூல், எழுதினோம். அதற்கு மூன்று பகுதி. ஒன்று, பாமினி எழுத்துருவில் கிடக்கும் பழைய வினாத்தாள்களை யூனிகோடுக்கு மாற்றுவது. இரண்டாவது, மாணவர் பதிவின்போது அடையாள அட்டை இலக்கம் சரியா என்று பார்ப்பது. மூன்றாவது, இவற்றை ஆசிரியர்கள் பாவிப்பதற்கான திரைகள். போன வருடம் பார்த்தால் ஒருவர் கட்டாரில், ஒருவருக்கு இரட்டைக் குழந்தை, இன்னொருவர் குழுவில் இருக்கிறார் ஆனால் இல்லை. 'இதைத் தொடரலாமா?' என்று கேட்டதற்கு எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான், தன்னார்வலர் தரும் நேரத்தைக் குளத்துத் தண்ணீராக வைத்து, முறையாகக் கணக்குப் பார்க்க இறங்கினோம். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் மொடியூல் வேறாக இருக்கலாம், கணக்கு இதேதான்.

முதல் படி: செத்ததா, முடிந்ததா என்று பாருங்கள்

ஒரு வருடமாகக் கொமிட் (பதிவான மாற்றம்) இல்லை என்பதற்காக மொடியூல் செத்துவிட்டதாக முடிவு கட்டாதீர்கள். சில மென்பொருள் உண்மையிலேயே முடிந்துவிடும். எங்கள் பாமினி மாற்றி அப்படித்தான். பாமினியில் 'கொ' என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் மூன்று விசை தட்டுவோம். யூனிகோடில் க முதலில் வரும், உயிர்க்குறி அதற்குப் பின்னால்தான் நிற்கும். இந்த ஒழுங்கு மாற்றத்தைச் சரியாக எழுதி முடித்துவிட்டால் அதோடு சரி. பாமினி இனி மாறப்போவதில்லை. அதற்குத் தண்ணீர் தேவையில்லை.

அடையாள அட்டை வேறு கதை. ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்துமாக இருந்த இலக்கம் 2016இல் 12 இலக்கமாக மாறியது. பழையதில் பிறந்த ஆண்டுக்கு இரண்டு இலக்கம், புதியதில் நான்கு. பெண்களுக்கு நாள் எண்ணோடு 500 கூட்டும் வழக்கம் மட்டும் இரண்டிலும் அப்படியே இருக்கிறது. இப்படி அரசாங்கம் ஒன்றை மாற்றினால் அன்று யாராவது உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும்.

ஆகவே மொடியூலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் வெளியிலிருந்து எது அசைக்கும் என்று எழுதுங்கள். அது தங்கியிருக்கும் மொழியின் பதிப்பாக இருக்கலாம். பைதன் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று நின்றபோது நல்ல நிலையில் இருந்த எத்தனையோ மொடியூல்கள் ஒரே நாளில் பழசாகின. தாய் மென்பொருளாக இருக்கலாம். மூடில் வருடத்துக்கு இரண்டு பெரிய வெளியீடு விடுகிறது, எங்கள் திரைகள் ஒவ்வொரு முறையும் எங்காவது உடையும். சட்டம், படிவம், பாதுகாப்பு ஓட்டை என்று வேறு காரணங்களும் இருக்கலாம். எதுவும் அசைக்காத துண்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். கூட்டத்தில் பாதிச் சண்டை அதோடு குறையும்.

இரண்டாம் படி: ஆட்களை எண்ணுவதற்கு முன் வேலையை எண்ணுங்கள்

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆட்களை எண்ணி 'ஐந்து பேர் இருக்கிறோம், போதும்' என்பார்கள். எதற்குப் போதும்? வயலின் பரப்புத் தெரியாமல் தண்ணீர் போதும் என்று சொல்ல முடியுமா?

கடந்த 12 மாதத்தில் நடந்த வேலையை மணித்தியாலத்தில் எழுதுங்கள். எங்கள் தாளில் இருந்தது இது. மூடிலின் இரண்டு பெரிய வெளியீட்டுக்கும் சோதித்துத் திருத்த தலா 20 மணி, ஆக 40. மாதம் ஏறத்தாழ மூன்று பிழை முறைப்பாடு, ஒன்றுக்கு இரண்டு மணி, ஆக 72. ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுத கிழமைக்கு ஒரு மணி, 52. எங்கள் சொந்த வெளியீடு மூன்று, தலா ஆறு மணி, 18. மற்றவர் அனுப்பும் திருத்தங்களைப் பார்த்து ஏற்க 30. மொத்தம் 212 மணி, கிழமைக்கு நான்கு மணிக்குக் கொஞ்சம் மேலே.

புதிய அம்சம் எதையும் இந்தத் தாளில் சேர்க்காதீர்கள். இருப்பதை உயிரோடு வைத்திருக்கத் தேவையான தண்ணீர் மட்டும்தான் இது. எங்கள் குழுவில் ஒரு தம்பி ஒவ்வொரு கூட்டத்திலும் செயற்கை நுண்ணறிவு என்று தொடங்குவார். அவருக்கு வேறு தாள் கொடுத்தோம்.

மூன்றாம் படி: பெயர்களை உதிர்த்துப் பாருங்கள்

கோட் வைத்திருக்கும் களஞ்சியத்தின் முகப்பில் 'பங்களித்தோர் 19' என்று இருக்கும். அந்த எண்ணை நம்பாதீர்கள். யார் எத்தனை கொமிட் செய்தார் என்று காட்டும் கிட் ஷார்ட்லாக் கட்டளையைக் கடந்த ஒரு வருடத்துக்கு மட்டும், மற்றவர் மாற்றங்களை இணைக்க மட்டும் போடும் மெர்ஜ் கொமிட்டுகளை விலக்கி ஓடவிடுங்கள். எங்களுக்கு ஆறு பெயர் வந்தது. அதில் இரண்டு ஒரே ஆள்: கம்பஸ் மின்னஞ்சலில் ஒரு பெயர், ஜிமெயிலில் இன்னொரு பெயர். ஒன்று மனிதரே அல்ல, சார்புப் பொதிகளைத் தானாகப் புதுப்பிக்கும் பொட், அதாவது தானியங்கி நிரல். இன்னொருவர் ஒரே ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டுப் போனவர். மிச்சம் மூன்று பேர்.

கொமிட் எண்ணிக்கை சொல்லாதவர்களும் உண்டு. எங்கள் குழுவில் ஓர் ஆசிரியை இருக்கிறார், ஒரு வரி கோட் எழுதியதில்லை. வரும் முறைப்பாடுகளை வாசித்து, திரும்பச் செய்து பார்த்து, எந்தப் பதிப்பில் நடக்கிறது என்று குறித்து வைப்பவர் அவர்தான். அவர் விலகினால் 72 மணி 120 ஆகும். இப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிக்க, கடைசி 20 முறைப்பாடுகளை எடுத்து, முதல் பதில் யாரிடமிருந்து வந்தது, எத்தனை நாளில் வந்தது என்று குறித்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளர்களைத் தனியாக எண்ணுங்கள். அவர்களின் வேலை பெரியது, ஆனால் பாதுகாப்பு ஓட்டையை அவர்களால் அடைக்க முடியாது.

நான்காம் படி: தனித்தனியாகக் கேளுங்கள்

குழுவில் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். எங்கள் ஊர் முகத்தாட்சண்யம் அப்படி. ஒவ்வொருவரையும் தனியாகப் போனில் பிடியுங்கள். 'தொடர்ந்து இருப்பீங்களா?' என்று கேட்காமல், 'கிழமைக்கு எத்தனை மணி? எந்த மாசம் ஏலாது?' என்று கேளுங்கள்.

நான் கேட்டபோது ஆசிரியை சொன்னது: "தம்பி, உயர்தர விடைத்தாள் திருத்தப் போனா என்னை மறந்திருங்க. மத்த நேரம் ரெண்டு மணி தரலாம்." அக்கரைப்பற்று நண்பர் நோன்பு மாதத்தில் ராவிலும் ஏலாது என்றார். இன்னொருவர் பெரும்போக அறுவடை முடியும்வரை வயலில். கார்த்திகை, மார்கழி மழையில் கரண்ட் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. இவற்றை ஒரு நாட்காட்டியில் குறித்தோம். இரண்டு இடத்தில் ஒருவருமே இல்லாத கிழமைகள் வந்தன. அதில் ஒன்று மூடிலின் வெளியீடு வரும் காலத்துக்கு ஒட்டியே இருந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

பிறகு, சொன்ன மணியைப் பாதியாக்குங்கள். யாரும் பொய் சொல்வதில்லை, சொல்லும்போது எல்லாரும் நல்ல கிழமையைத்தான் நினைக்கிறோம். எங்களில் ஒருவர் மூன்று, இருவர் தலா இரண்டு, ஆக ஏழு. பாதி மூன்றரை. தேவை நான்குக்கு மேல். குளம் கொஞ்சம் குறைவு.

ஐந்தாம் படி: திறப்பு யாரிடம்?

மணிக்கணக்கு நிறைந்திருந்தாலும் மொடியூல் ஒரே நாளில் நின்றுபோகக்கூடிய இடம் இது. வெளியீடு விடும் உரிமை, பிளகின் களஞ்சியக் கணக்கு, இணையப் பெயர், சேர்வர், பாதுகாப்பு முறைப்பாடு வரும் மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் கையில் இருக்கிறது என்று குறியுங்கள். ஒரே பெயர் மட்டும் இருக்கும் வரிகளைச் சிவப்பில் கோடிடுங்கள்.

மென்பொருள்காரர்கள் இதை லொறிக் கணக்கு என்பார்கள்: எத்தனை பேரை லொறி அடித்தால் திட்டம் நிற்கும்? கோட் களஞ்சியங்களை வைக்கும் தளமான கிட்ஹப்பின் 133 பிரபல திட்டங்களை வைத்து ஆய்வாளர்கள் பார்த்தபோது, 65 விழுக்காட்டில் அந்த எண் இரண்டு அல்லது அதற்கும் குறைவு என்று வந்தது. உலகம் பாவிக்கும் திட்டங்களே அப்படியென்றால் எங்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பல திறந்தமூலத் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளையில் ஒரு வெளியீட்டுக்கு அந்தத் திட்டத்தின் முகாமைக் குழுவில் மூன்று பேராவது ஆம் என்று வாக்களிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. மூன்று பேர் வாக்களிக்கக்கூட இல்லையென்றால் அந்தத் திட்டத்தின் நிலை தானாக வெளியே தெரிந்துவிடும். சின்ன மொடியூலுக்கு இரண்டு பேர் என்று வைத்தாலும் போதும். ஆனால் இரண்டு பேரும் உண்மையாகவே செய்து பார்த்திருக்க வேண்டும்.

அதனால் ஒத்திகை வையுங்கள். மூத்த பராமரிப்பாளர் இரண்டு கிழமை வாயைத் திறக்கக்கூடாது. மற்றவர்கள் ஒரு சின்னத் திருத்தத்தைச் செய்து, சோதித்து, வெளியிட வேண்டும். எங்கள் ஒத்திகை மூன்றாம் நாளே கவிழ்ந்தது. கணக்கின் கடவுச்சொல் எல்லாரிடமும் இருந்தது. இரண்டாம் கட்டக் குறியீடு தரும் செயலி கட்டாருக்குப் போனவரின் பழைய போனில் இருந்தது. அந்தப் போனை அவர் தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தம்பி அதை முழுதாக அழித்து விளையாட்டு ஏற்றியிருந்தார். மீட்புக் குறியீடுகளை யாரும் எழுதி வைக்கவில்லை. கணக்கைத் திரும்ப எடுக்க ஒன்றரை மாதம் ஆனது. அந்த நாட்களில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வந்திருந்தால் நாங்கள் பார்த்துக்கொண்டு இருந்திருப்போம், அவ்வளவுதான்.

ஆறாம் படி: பாவிப்பவர் கூட்டத்தைத் தன்னார்வலராக எண்ணாதீர்கள்

'இவ்வளவு பேர் பாவிக்கிறார்கள், தானாக ஆள் வரும்' என்று ஒரு நம்பிக்கை உண்டு. வராது. ஓப்பன் எஸ்.எஸ்.எல். உலக இணையத்தின் பெரும்பகுதியைக் காத்து நின்ற மென்பொருள். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோதுதான், அதற்கு முன் வருடம் ஒன்றுக்கு ஏறத்தாழ 2000 டொலர் நன்கொடையில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் அதைப் பார்த்துவந்தார்கள் என்று பலருக்குத் தெரியவந்தது. 2021 டிசம்பரில் நிரல்களின் நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் லொக்ஃபோர்ஜேயில் ஓட்டை வந்தபோதும் இரவுபகலாகத் திருத்தியவர்கள் சில தன்னார்வலர்களே.

அனர்த்த நேரத்தில் வரும் ஆட்களும் அப்படித்தான். 2004 சுனாமி அடித்த கிழமைகளில் இலங்கை மென்பொருளாளர்கள் சேர்ந்து சஹானா என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, நிவாரண அமைப்புகளின் பதிவு, உதவிக் கோரிக்கை என்று அதில் மொடியூல்கள். அந்தச் சுனாமியில் அதிகம் பேரை இழந்த மாவட்டம் அம்பாறை என்பதால் எங்களுக்குச் சஹானா என்ற பெயர் வெறும் மென்பொருளின் பெயராக நின்றுவிடாது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அது பாவிக்கப்பட்டது, 2006இல் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் கிடைத்தது. அலை வற்றிய பிறகும் அது நிற்க 2009இல் தனியாக ஓர் அறக்கட்டளை தேவைப்பட்டது. பி.எச்.பி. மொழியில் இருந்ததற்குப் பிறகு பைதனில் புதிதாக எழுதப்பட்ட பதிப்பும் வந்தது. அவசரத்தில் வந்தவர்களை அடுத்த வருடக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஏழாம் படி: ஆள் தேடுங்கள், ஆனால் வருபவரிடம் திறப்பை உடனே கொடுக்காதீர்கள்

கணக்குக் குறைந்தால் ஒரு போக காலம், அதாவது மூன்று நான்கு மாதம், வெளிப்படையாகத் தேடுங்கள். 'உதவி தேவை' என்று மட்டும் எழுதினால் ஒருவரும் வரமாட்டார். 'மூடிலின் அடுத்த பதிப்பில் இந்த மூன்று திரையைச் சோதிக்க வேண்டும், பி.எச்.பி. தெரிந்திருந்தால் ஆறு மணி வேலை' என்று எழுதுங்கள். மொடியூலின் பக்கத்திலும் நிலையைச் சொல்லுங்கள். இணையத்தளம் கட்டும் மென்பொருளான ட்ரூப்பலில் 'இணைப் பராமரிப்பாளர் தேவை' என்று குறிக்க ஒரு நிலையே உண்டு. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் பராமரிப்பாளர் இல்லாத பொதியை அநாதை என்று அறிவிக்க முறை இருக்கிறது. பேர்ல் நிரல்மொழி உலகில், ஆளில்லாத மொடியூல்களைக் குறிக்க 'என்னைத் தத்தெடு' என்ற பெயரிலேயே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் கம்பஸ் மாணவர்கள் இருக்கிறார்கள். இறுதியாண்டுத் திட்டமாக வருவார்கள், நன்றாகவும் செய்வார்கள், பட்டமளிப்போடு போய்விடுவார்கள். அவர்களை மழைத்தண்ணீராக எண்ணுங்கள், குளத்துத் தண்ணீராக எண்ணாதீர்கள். ஒருவர் தங்கினால் அது லாபம்.

தானாக வந்து 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பவர் விடயத்தில் நிதானம் வேண்டும். 2018இல் ஈவன்ட்ஸ்ட்ரீம் என்ற மொடியூலின் களைத்துப்போன உரிமையாளர், கேட்டு எழுதிய அறிமுகமில்லாத ஒருவரிடம் அதைக் கொடுத்தார். வந்தவர் பிட்கொயின் பணப்பைகளைத் திருடும் நிரலை உள்ளே வைத்தார். எக்ஸ்இசட் யூட்டில்ஸ் கதை இன்னும் மோசம். ஒரே ஒருவர் பொழுதுபோக்காகப் பராமரித்த சுருக்கல் மென்பொருள் அது. 2021இலிருந்து ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக நல்ல திருத்தங்களை அனுப்பி வந்தார். 2022இல் வேறு சில பெயர்களில், ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளைப் போடுங்கள் என்று மின்னஞ்சலில் நெருக்கினார்கள். தன் மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாத வேலை என்று அதைப் பராமரித்தவர் எழுதவேண்டி வந்தது. கடைசியில் ஜியா டானுக்குப் பொறுப்பில் பங்கு போனது, களவாக உள்ளே நுழைய ஒரு பின்கதவும் வந்தது. தொலைவிலிருந்து சேர்வருக்குள் நுழையும் எஸ்.எஸ்.எச். உள்நுழைவு அரை வினாடி பிந்துகிறதே என்று தோண்டிப் பார்த்த ஆன்ட்ரெஸ் பிராய்ண்ட் 2024 மார்ச் 29 அன்று அதை வெளியிட்டார். தாமதத்துக்காக உங்களைத் திட்டும் கடிதம் வந்தால் அதைத் திறப்புக் கொடுக்கும் காரணமாக எடுக்காதீர்கள்.

எங்கள் விதி: முதல் ஆறு மாதம் திருத்தம் அனுப்பலாம். பிறகு முறைப்பாடுகளைக் கையாளும் உரிமை. வெளியீட்டு உரிமை, எங்களில் ஒருவராவது நேரிலோ காணொளியிலோ பேசி அறிந்த பிறகு. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கராக ஒருவரை அமர்த்தும்போது எங்கள் ஊரில் எவ்வளவு விசாரிக்கிறார்கள்!

எட்டாம் படி: கூட்டம், முடிவு

கிடைக்கும் மணியையும் தேவையான மணியையும் ஒரே பலகையில் எழுதுங்கள். கிடைப்பது தேவையை விடக் கணிசமாகக் கூட, ஒவ்வொரு திறப்பும் இரண்டு கையில் என்றால் தொடருங்கள், அடுத்த வருடம் திரும்பப் பாருங்கள். பாதிக்கும் குறைவு, தேடியும் ஆள் இல்லை என்றால் மூடுங்கள். கடினம் நடுவில்தான், நாங்கள் நின்ற இடத்தில். அப்போது ஏக்கரைக் குறையுங்கள். எந்தத் துண்டு அதிகம் தண்ணீர் குடிக்கிறது என்று இரண்டாம் படித் தாளில் இருக்கிறது. எங்களுக்கு அது திரைகள். அதை நிறுத்தினால் 212 மணி ஏறத்தாழ 90க்கு இறங்கும்.

இந்தக் கூட்டத்தில் அழுகை வரும். திரைகளை எழுதியவர் ஆறு வருடம் இரவிரவாக உழைத்தவர். அவரை முதலில் பேசவிடுங்கள். அவரே "இனி நான் பார்க்கமாட்டேன், ஆனா அழிக்க வேணாம்" என்று சொன்னார். அது நியாயமான வேண்டுகோள். மூடில் பிளகின்கள் குனு பொது உரிமத்தில் இருப்பதால் நாளை யாரும் அதை எடுத்து நடத்தலாம்.

ஒன்பதாம் படி: மூடும் துண்டை ஒழுங்காக மூடுங்கள்

அழிக்காதீர்கள். 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற பதினொரு வரி மொடியூலை அதை எழுதியவர் ஜாவாஸ்கிரிப்ட் மொடியூல்களின் பொதுக் களஞ்சியமான என்.பி.எம்.இலிருந்து எடுத்துவிட்டார். ரியாக்ட், பேபல் போன்ற பெரிய மென்பொருள்கள் உட்பட எத்தனையோ திட்டங்கள் அன்று தொகுத்து ஓடவிட முடியாமல் நின்றன. களஞ்சியத்தை வாசிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றுங்கள். பெயரைக் கைவிடாதீர்கள், வேறொருவர் அதே பெயரில் வேறு எதையாவது ஏற்றலாம். அப்பாச்சி 2008இலிருந்து ஓய்வுபெற்ற திட்டங்களுக்கென்று ஒரு பரண் வைத்திருக்கிறது, நாங்களும் பரண் என்றே ஒரு கோப்புறை திறந்தோம்.

மூடுவதற்கு முன் ஒரு கடைசி வெளியீடு, தெரிந்த ஓட்டைகளை அடைத்து. அதன் முகப்பில் எந்த மூடில் பதிப்புவரை ஓடும், எந்தத் திகதிக்குப் பிறகு பாதுகாப்பு முறைப்பாட்டுக்குப் பதில் வராது, மாற்று வழி என்ன என்று மூன்று வரி. ஆறு மாத அவகாசம் கொடுங்கள். பாடசாலைகள் தவணை நடுவில் எதையும் மாற்றமாட்டா, திகதியை விடுமுறையில் வையுங்கள்.

நாங்கள் பாமினி மாற்றியைத் தனி மொடியூலாகப் பிரித்து 'முடிந்தது' என்று எழுதி வைத்தோம். அடையாள அட்டைப் பகுதியை மூன்று பேர் பார்க்கிறார்கள். திரைகள் பரணில். மீட்புக் குறியீடுகள் இப்போது காகிதத்தில், இரண்டு உறையில். ஒன்று கல்லடியில் ஆசிரியையின் அலுமாரியில், மற்றது அக்கரைப்பற்றில். அடுத்த கூட்டம் சிறுபோக அறுவடைக்குப் பிறகு. கட்டாரில் இருப்பவர் புதிய போன் வாங்கியிருக்கிறாராம். பழையதை யாருக்குக் கொடுக்கப்போகிறார் என்று முதலில் கேட்டுவிட்டோம்.